நீல இறகுகளுக்குள் மருமகள்

மொன்றியலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த கோடையில், அவள் மகள் கரீபியன் தெருத் திருவிழாவில் இறகு உடை அணிந்து ஆடினாள். "அந்தக் கோலத்தை நான் பாக்க வரமாட்டன்" என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கமராவோடு நான் போனேன். முரசொலியில் தெருவே மிதந்து வந்தது. வெயிலில் கரைந்த நிறங்களில் மயங்கி, நான் தேடி வந்த மருமகளை மறந்து, கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நீல இறகுகளுக்குள்ளிருந்து மருமகள் கூப்பிட்டாள்.

"மாமா! அம்மா வந்தவவோ?"

"இல்லை பிள்ளை. படம் அனுப்புறன்."

அவள் ஆட்டத்தை நிறுத்தி, சிறுவயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் நின்றதுபோலக் கைகூப்பி நிமிர்ந்தாள். "அம்மாவுக்கெண்டா இப்பிடி எடுங்கோ."

எடுத்தேன். கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. படம் போய்ச் சேர்ந்ததும் அக்கா அழைத்தாள்.

"என்னடா, கல்லு மாதிரி நிக்கிறாள்? ஆடேக்கை எடுத்து அனுப்படா!"

நீலம் அடுத்த சந்தியில் மங்கிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க ஓடினேன்.