ஐந்தாவது பிள்ளையின் பெயர்

ஆஸ்பத்திரித் துணிகள் வரும் எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை. துவைக்கும் இயந்திரத்துக்குள் கை விட்டு, முறுக்கிக்கொண்ட ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்து வண்டியில் போட வேண்டும். பக்கத்து இயந்திரத்தில் நான். அவள் விரல் இடுக்குகள் வெள்ளை வெள்ளையாகப் பிளந்திருக்கும். கரண்டியைக்கூட உள்ளங்கையால்தான் பிடிப்பாள். வேறு மொழி பேசும் ஊரிலிருந்து வந்தவள். ஆனால் எங்கள் பேச்சில் எங்களையே கிண்டல் செய்வாள்.

இஸ்திரி இயந்திரத்தை ஓட்டிய அக்கா வேலையை விட்டதும், அந்த இடம் அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அங்கே தரை காய்ந்திருக்கும். உட்கார ஸ்டூல் உண்டு. இன்னும் ஆறு மாதம் ஈரத்தில் நின்றால் விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் சூப்பர்வைசருக்குப் பெயர்ப் பைத்தியம் பிடித்திருந்தது. மனைவிக்கு எட்டாவது மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் பெயருக்கு அர்த்தம் கேட்டு போனில் குறித்துக்கொண்டார்.

மடிப்பு மேசைக்காரி, "வெற்றின்னு அர்த்தம் சார். பத்தாவதுல மூணு தடவ ஃபெயிலு" என்றாள். இன்னொருத்தியின் பெயருக்கு ஏதோ பழைய மொழியில் கரடி என்று அர்த்தமாம்.

"அதான் இந்தத் தீனியா?" என்றாள் மடிப்பு மேசைக்காரி.

சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முறை வந்தது.

"யாருக்கும் வேண்டாதவள்" என்றாள், சாதாரணமாக.

"அடிப்பாவி! பெத்தவங்களே வச்சாங்களா?"

"எனக்கு முன்னாடி நாலு புள்ளைங்க செத்துப்போச்சு. நல்ல பேரா வச்சா சாவு வந்து தூக்கிட்டுப் போயிடும்னு அம்மா எனக்கு இப்படி வச்சாங்க. யாருக்கும் வேண்டாததை அது மட்டும் எடுத்துட்டுப் போய் என்ன செய்யும்?" கொஞ்சம் யோசித்து, பாசமாகவே சொன்னாள்: "உங்க புள்ளைக்கும் பொறந்த உடனே இப்படி ஒண்ணு வைங்க சார். நிலைக்கும்."

சூப்பர்வைசர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்புள்ள யாருக்கும் வேண்டாததுங்கிறியா?"

"ஐயோ, இல்ல சார். அது காவலுக்கு..."

"வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு, தினம் பத்து தடவ உன் பேர என் வாயால சொல்லணுமா?" என் பக்கம் திரும்பினார். "நீயும் அவளும் ஒரே ரூம்தானே? இது அவங்க ஊர் வழக்கமா, இல்ல வயித்தெரிச்சல்ல சொல்றாளா?"

எனக்குத் தெரியும். தன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லி எப்படிக் கொஞ்சுவாள் என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி பாடியே காட்டியிருக்கிறாள். இப்போது அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் என் ஈரச் செருப்பைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"சரி. நாளையிலேர்ந்து இஸ்திரிய நீ ஓட்டு. அவ இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அந்தப் பேர் இனிமே இங்க யார் வாயிலயும் வரக்கூடாது."

அன்று மத்தியானமே பெண்கள் அவளை வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். அதனால் யாருக்காவது அவள் தேவைப்பட்டால் கைதட்டினார்கள்.

மறுநாள் இஸ்திரி இயந்திரம் சூடாகிவிட்டது. போடத் துணியில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இரண்டு தடவை கைதட்டினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.