ஒரு மணி ஊசி

வடமதுரையில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், எங்கள் வீட்டின் முதல் குழந்தையாக அக்கா பிறந்தார். அப்பாவின் உரக்கடை வருமானத்தில் மருத்துவம் படித்து முடித்ததும் வேடசந்தூரில் சிறிய கிளினிக் திறந்தார். மில் பெண்களும் காட்டுவேலைக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். காய்ச்சலுக்கு "ஊசி போடுங்கம்மா" என்று அடம்பிடிப்பவர்கள், சர்க்கரைக்குத் தினமும் ஊசி என்றதும் எழுந்து போய்விடுவார்கள். இன்சுலின் என்றாலே கதை முடிந்தது என்று நம்பினார்கள்.

குஜிலியம்பாறைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் வெள்ளையம்மாளும் அப்படித்தான். காலில் ஆறாத புண். மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை. இனியும் தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும்.

"முத்திப்போனவுகளுக்குத்தான் அந்த ஊசி. காலு போனா போவுது தாயி, நான் மாட்டேன்."

வழக்கம்போல் அக்காவுக்கு மதியச் சாப்பாட்டுடன் நான் உள்ளே நுழைந்த நேரம் அது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து தமது இன்சுலின் பேனா ஊசியை எடுத்தார். பல ஆண்டுகளாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் போட்டுவந்த ஊசி. "டாக்டருக்கே சக்கரைன்னா எவன்டா வருவான்?" என்று என் வாயையும் அடைத்திருந்தார். அன்று கதவு திறந்தே கிடந்தது. சேலையைச் சற்று விலக்கி இடுப்போரம் குத்திக்கொண்டார்.

"நான் முத்திப்போனவளா, சொல்லுங்க?"

"ஆத்தி! இம்புட்டு நாளா எங்களுக்குப் பத்தியம் சொன்னது ஒரு சக்கரைக்காரியா?"

"ஆமா. பூந்தியக் கண்டா இன்னமும் கை நீளுற சக்கரைக்காரி."

பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். வெள்ளையம்மாளும் சிரித்தார். சிரித்தபடியே, "சரி, எனக்கும் ஒன்னு குத்துங்க" என்றார்.

அதன்பின் மதியம் ஒரு மணி என்பது கிளினிக்கில் தனிப் பொழுதானது. பேனா ஊசியும் தூக்குவாளியுமாகப் பெண்கள் வருவார்கள். ஒன்றாக ஊசி, ஒன்றாகச் சோறு, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தை மாற்றிக்கொள்ளும் சத்தம். வெள்ளையம்மாளின் புண் மெல்ல ஆறியது.

"எதிர்ல உக்காந்து இத்தனை வருஷம் பேசுனேன்டா. பக்கத்துல உக்காந்த அன்னைக்குத்தான் காதுல வாங்குனாங்க" என்பார் அக்கா.

இதயம் தளர்ந்து, திண்டுக்கல் வீட்டில் அவர் படுத்திருந்த நாட்களில், ஊசியைத் தாமே போட்டுக்கொள்ள முடியவில்லை. வெள்ளையம்மாள் பஸ் மாறி, தன் இரண்டு கால்களால் நடந்து, மடி நிறையப் பூவோடு வந்தார். ஒரு மணியானது.

"குடுங்க தாயி, இன்னைக்கு நான் போடுறேன்."

"வலிக்குமா?" என்றார் அக்கா, கண்ணில் குறும்போடு.

"எறும்பு கடிச்சாப்லதான். நீங்கதான சொன்னீக."

சில நாட்களில் அக்கா அமைதியாக விடைபெற்றார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும், ஒரு மணிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும். இப்போதும் ஒரு மணி அடித்தால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. கை சாப்பாட்டுக் கேரியரைத் தேடுகிறது. எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே போய்விடுகிறேன். அக்காவிடம் தொழில் பழகிய இளம் மருத்துவர் அங்கே இருக்கிறார். பெஞ்சும் நிறைந்திருக்கிறது. உங்களில் யாரேனும் ஊசிக்குப் பயந்து ஒளிந்திருந்தால், சாப்பாட்டோடு வாருங்கள். அந்த நேரத்தில் அங்கே கதவைச் சாத்துவதில்லை.