எந்தப் புது வருஷத்துக்குள் ஒரு பொத்தான்?

முதல் அறிகுறியை நான் ஆட்டுத்தோலின் குற்றம் என்று நினைத்தேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். திண்டுக்கல்லில் எங்கள் தோல் மண்டியில், அய்யலூர்ச் சந்தைப் பக்கமிருந்து கருப்பையா கொண்டுவந்த தோலை வலது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தோலின் கனத்தையும் தழும்பையும் இருபது வருஷமாக அந்த விரல்தான் எனக்குச் சொல்லி வந்தது. அன்று ஒன்றுமே சொல்லவில்லை.

"என்னய்யா, செத்த தோலக் கொண்டாந்திருக்க?"

"ஆடு செத்தாத்தான மொதலாளி தோலு?" என்று கருப்பையா சிரித்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தேன், நாக்கு குழறியது. அதற்குப் பின் நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். இரத்தக் கொதிப்பு (இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பது) எனக்கு வெகுநாளாக இருந்திருக்க வேண்டுமாம். பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. கட்டைவிரல் திரும்பி வருமா என்றுதான் கேட்டேன். தோல் பார்க்கத் தெரியாதவனுக்கு மண்டியில் என்ன வேலை?

"தோலை எல்லாம் இப்ப மறந்துருங்க பாய். வருஷம் பொறக்கிறதுக்குள்ள சட்டையில ஒரு பொத்தானப் போடுங்க. அம்புட்டுப் போதும்."

எனக்கு அவமானமாக இருந்தது. மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அந்த ஒற்றைப் பொத்தானே மலையாகிவிட்டது. விரல் பொத்தானைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. காஜாவுக்குள் நுழைவதற்கு முன்பே நழுவிவிடும். டிசம்பரில் டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

ஜனவரி முதல் தேதி வந்தது. பொத்தான் போடவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன்.

என் மனைவி ஜைனம்பு கையிலிருந்த அகப்பையோடு வந்து நின்றாள். "இதுக்கா அழுவுறீங்க? அது வெள்ளைக்காரன் வருஷம். நமக்கு முஹர்ரம் பொறக்கையிலதான வருஷம் பொறக்குது? இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு!"

ஊசி போட வரும் கம்பவுண்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "டாக்டர் பஞ்சாங்கம் பாக்காம பல்லுகூட வெளக்க மாட்டாரு. அவரு சித்திரையத்தான் சொல்லியிருப்பாரு பாய்."

கேட்டுத் தெளிய டாக்டர் ஊரில் இல்லை. எனக்கோ நோய் வந்த நாள்முதல் கிழமையே குழம்பும். மூன்று வருஷப் பிறப்பையும் போட்டு மனசுக்குள் உருட்டிக்கொண்டேயிருந்தேன். எந்தக் கெடுவில் தோற்றேன், எந்தக் கெடு பாக்கி என்று புரியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், இந்தக் குழப்பத்தைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சித்திரையும் பிறந்தது. பொத்தான் காஜாவின் வாய்வரை வந்து நின்றது. அந்த வருஷம் முஹர்ரம் ஆனியில் வந்தது. அன்றைக்குப் பாதி நுழைந்து, திரும்ப வெளியே வந்தது. ஜைனம்பு அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். ஆனால் அவள் கைவசம் இன்னொரு வருஷப் பிறப்பு இல்லை.

பிறகு ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த வருஷமும் பிறக்காத நாள். டீயை எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோது நடுப்பொத்தான் மாட்டியிருந்தது. எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. ஜைனம்புவைக் கூப்பிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் மண்டிக்குப் போனேன். கருப்பையா வந்திருந்தான்.

"அன்னைக்கு ஒன் தோலுல குத்தமில்லப்பா," என்றேன்.

"தெரியும் மொதலாளி. அதான் இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன். பாருங்க."

ஒரு தோலை விரித்துப் பிடித்தான். வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். முன்பெல்லாம் தொட்டதும் தெரியும். இப்போது காத்திருக்க வேண்டியிருந்தது. கருப்பையாவும் அவசரப்படுத்தாமல் நின்றான். செத்த நேரம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல், ஏதோ ஒன்று விரலுக்கு எட்டியது. அது ஆட்டின் தோலா, என்னுடைய தோலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எப்பிடி மொதலாளி?"

"இருக்குப்பா," என்றேன். விரலை எடுக்க மனம் வரவில்லை.