நான்கு கோரில் ஒரு தாலிகட்டு

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

மன்னார் பட்டினத்தில், வீட்டு முன்னறையில் இருந்து கொம்பியூட்டர் திருத்துகிறவள் நான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் படித்த தொழில் அது. ஊர் திரும்பிய பிறகு அதுவே சோறு போட்டது. ஒருநாள் பெருநிலப்பக்கத்து வயற்கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தமக்கையின் மகளுக்குக் கலியாணம். பெண்ணின் தகப்பனோ கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதய ஒபரேசனுக்குக் கொடுத்த நாளும் கலியாண நாளும் ஒன்றாகவே வந்துவிட்டன. கலியாணத்தைத் தள்ளிப்போட அவர் விடவில்லையாம்.

“காலமை தாலி கட்டுறதைப் பாத்திட்டுத்தான் பின்னேரம் தியேட்டருக்குள்ள போவன் எண்டு நிக்கிறார். அக்காவும் அவரோடதான் நிக்கிறா. அவையளுக்கு ஃபோனில லைவ்வாக் காட்டவேணும், பிள்ளை. ரெண்டு கமரா வைக்கலாமோ?”

“ஓம், வைக்கலாம்.”

“உங்கடை கொம்பியூட்டர் தாங்குமோ? போன மாசம் ஒரு கலியாணத்தில இடையில நிண்டுபோச்சாம்.”

“பெரிய புரொசசர்தான் போட்டிருக்கு, அண்ணை. பயப்பிடாதேங்கோ.”

கொம்பியூட்டர்ப் பெட்டியின் முகப்பில் புரொசசரின் பெரிய இலக்கத்தோடு ஒரு ஸ்டிக்கரும் இருந்தது. பழுதாய்ப்போன வேறொரு மெசினின் பெட்டி அது. உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றிய நான் ஸ்டிக்கரை மட்டும் உரிக்கவில்லை. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துத் தலையாட்டினார்.

உள்ளே இருந்தது ஸ்டிக்கரில் சொன்ன புரொசசரின் குடும்பத்தில் கடைசித் தம்பி. இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில் பொருந்தும். மேல்மூடியில் பொறித்த இலக்கத்தைப் பார்க்காவிட்டால் எது எதுவென்று எனக்கே தெரியாது. ஆனால் வேலை என்று வந்தால் மூத்தவனுக்குள் எட்டுப் பெரிய கோர்களும் சில சின்னக் கோர்களும் இருக்கின்றன. கோர் என்றால் வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையதில் நான்கு ஆட்கள் மட்டும். அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்கும் உள்நினைவகமும் மூத்தவனுடையதில் பாதிக்கும் குறைவு. இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மூத்தவனுக்குள் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதற்கென்றே தனிப்பகுதி உண்டு. நான் வாங்கியது அந்தப் பகுதி அடைக்கப்பட்ட மலிவு வகை. திரையில் படம் தெரிவதற்கு மட்டும் ஒரு பழைய கார்ட் போட்டிருந்தேன். ஆகவே சுருக்குகிற பாரம் முழுவதும் அந்த நான்கு பேரின் தலையில்தான். கடிதம் அடிக்கவோ பாடசாலை விண்ணப்பம் நிரப்பவோ இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்படியான வேலையில்தான் தெரியும்.

தெரிந்திருந்தும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்னறையில் இரண்டு கமராவையும் பூட்டிச் சோதித்துப் பார்த்தேன். ஒன்று சுவரைப் பார்த்தது, மற்றது அலுமாரியைப் பார்த்தது. ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். புரொசசரில் பாதிகூட நிரம்பவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

கலியாணம் திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்டவுள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒன்பது மணிக்கே வெயில் தகித்தது. மணமேடைக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு லைவ்வைத் தொடக்கினேன். மண்டபம் நிரம்பியது. ஐயர் ஓமம் வளர்த்தார். புகை எழுந்தது, பட்டுச் சேலைகள் மினுங்கின, ஃபான் காற்றில் தோரணங்கள் ஆடின. கமராவுக்குள் அசையாத இடம் என்று ஒன்றும் இல்லை. அப்போதுதான் என் சோதனையின் மடைத்தனம் உறைத்தது. அசையாத சுவரைச் சுருக்குவது சின்ன வேலை. முந்திய படமே திரும்பத் திரும்பப் போகும். இங்கே ஒவ்வொரு கணமும் புதுப்படம்.

புரொசசரின் பாரம் எண்பது வீதம். தொண்ணூற்றிரண்டு. நூறு.

பெட்டிக்குள் இருந்த சின்ன ஃபான் கத்தத் தொடங்கியது. சூடு ஏற ஏறப் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்தது. திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கை விழுந்தது.

ஃபோன் அடித்தது. பெண்ணின் தாய்.

“பிள்ளை, படம் நிண்டிட்டுது. ஐயற்றை கை மேல தூக்கினபடியே நிக்குது. இவர் என்னை ஏசுறார். கட்டி முடிஞ்சுதோ எண்டு கேக்கிறார்.”

“இல்லை அம்மா, இன்னும் கட்டேல்லை. இப்ப சரியாகும்.”

சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதர் நெஞ்சைத் திறக்கக் கொடுப்பதற்கு முன் கடைசியாகக் கேட்டது இது. அவர் எழும்பாமலே போனால்?

அன்று என் வீட்டுக்கு வந்த பெண்ணின் மாமன் மேடையிலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“என்ன பிள்ளை?”

“அண்ணை, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். இது பெரிய புரொசசர் இல்லை. சின்னது. ரெண்டு கமராவைத் தாங்கேல்லை.”

அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அறைவார் என்றே நினைத்தேன்.

“இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கோ.”

“ஒரு கமராவை நிப்பாட்டி, படத்தின்ரை அளவைக் குறைக்கவேணும். அதுக்கு லைவ்வை ஒருக்கா அறுத்துத் திருப்பித் தொடக்கவேணும். ரெண்டு, மூண்டு நிமிசம் வேணும்.”

அந்த நேரம் ஐயர் தாலித்தட்டைச் சபைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்துத் தட்டு திரும்பி வந்தால் கட்டவேண்டியதுதான். மாமன் ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

“நேரம் இருக்கு, ஆனா கனக்க இல்லை” என்று ஐயர் சொன்னது எனக்குக் கேட்டது.

மாமன் தட்டோடு வரிசை வரிசையாகப் போனார். கடைசிக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவரைத் தட்டி எழுப்பித் தொடவைத்தார். வாசலில் நின்ற வான் சாரதியிடமும் நீட்டினார். சனம் சிரித்தது. நான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மண்டபத்துப் பெரிய ஃபானை இழுத்துப் பெட்டியின் வாய்க்கு நேரே திருப்பினேன். லைவ்வை அறுத்தேன். பக்கக் கமராவை எடுத்துவிட்டேன். அளவைக் குறைத்தேன். தொடக்கு என்று அமத்தினேன்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் இரண்டு தடவை படகில் கடல் கடந்தவள் நான். அந்தப் பயம் வேறு. அதில் நான் மட்டும்தான் தாழ்ந்திருப்பேன்.

இணைப்பு வந்தது. அறுபத்தைந்து. எழுபது. அங்கேயே நின்றது. ஃபோனைக் காதில் வைத்தேன்.

“அம்மா, தெரியுதோ?”

“தெரியுது. கொஞ்சம் மங்கல். ஆனா தெரியுது.”

தட்டு மேடைக்குப் போனது. கெட்டிமேளம் முழங்கியது. தாலி கட்டியபோது நான் மேடையைப் பார்க்கவில்லை. எழுபது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து வயர் சுருட்டும்போது மாமன் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “சின்னது எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா ஒரு கமரா போதுமெண்டு விட்டிருப்பம் பிள்ளை. எங்களுக்கு அவர் பாத்தாக் காணும்.”

நான் மிச்ச வயரைச் சுருட்டினேன்.

அன்று பின்னேரம் முழுவதும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பொழுதுபட மாமன் எடுத்தார். ஒபரேசன் முடிந்துவிட்டது, இன்னும் கண் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் தாயே எடுத்தார்.

“கதைக்கிறார் பிள்ளை. மகள் தாலி கட்டேக்க ஏன் அழுதவள், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏதும் சொன்னவையோ எண்டு கேட்டுக் கரைச்சல் குடுக்கிறார். நீங்கள் பக்கத்தில தானே நிண்டனீங்கள். என்னெண்டு தெரியுமோ?”

“ஓமப் புகை அம்மா” என்றேன். உண்மையில் அவள் அழுததை நான் பார்க்கவே இல்லை.