அடித்தால்தான் சாட்சி

ஏதென்ஸில் லைசானியஸை நியாயவான் என்று சொல்லாத ஆள் கிடையாது. அளவு குறைத்துக் கொடுக்கும் மீன்காரனைச் சந்தையிலேயே நிறுத்திவைத்து அறிவுரை சொல்வார். யார் வீட்டில் தகராறு என்றாலும் கூப்பிடாமலே போய் உட்காருவார். அவர் வீட்டில்தான் புரூஸா இருந்தாள். சின்ன வயதில் த்ரேஸ் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட பெண். அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, "த்ரேஸ்காரி" என்றே கூப்பிட்டார்கள். மாவு அரைப்பது, தண்ணீர் இறைப்பது, தறியில் நெய்வது எல்லாம் அவள் வேலை. எஜமானின் இரண்டு பிள்ளைகளும் அவள் இடுப்பில்தான் வளர்ந்தன. பொய் பேசமாட்டாள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எஜமானுக்கு ஊருக்கு வெளியே ஓர் அத்தித் தோட்டம். பக்கத்துத் தோட்டம் கல்லிப்பஸுடையது. ஒருநாள் விடியற்காலையில் பழம் பறிக்கப் போனவள், கல்லிப்பஸ் எல்லைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி இந்தப் பக்கம் நகர்த்தி நடுவதைக் கண்ணால் கண்டாள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். வழக்கு மத்தியஸ்தரிடம் போனது. கல்லிப்பஸோ, கல்லை நகர்த்தியதே லைசானியஸ்தான் என்று கூசாமல் சாதித்தான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற புரூஸாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான் பார்த்தேங்க. இவருதான் நெம்புனாரு."

மத்தியஸ்தர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அடிமை சும்மா வந்து சொன்னா அது சாட்சியாய்யா? கட்டிவச்சு அடிக்கணும், அப்ப சொன்னாத்தான் சாட்சி. இதுகூடவா தெரியாது?"

சட்டம் அப்படித்தான் இருந்தது. குடிமகன் என்றால் வாயால் சொன்னால் போதும். அடிமையின் வாயிலிருந்து உண்மை வரவேண்டுமென்றால் தோலை உரிக்கவேண்டும். ராஜா வேண்டாம், நாங்களே கைதூக்கி எங்களை ஆண்டுகொள்கிறோம் என்று மார்தட்டியவர்களின் சட்டம் இது! நீதி, சுதந்திரம் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் உலகமே இந்த ஊரைத்தான் கைகாட்டுகிறது. காட்டட்டும். புரூஸாவையும் சேர்த்துக் காட்டட்டும்.

லைசானியஸ் எழுந்தார். மேலாடையைச் சரிசெய்துகொண்டார். "கல்லிப்பஸ், இவளை உன்கிட்டயே விடறேன். சித்திரவதைச் சக்கரத்துல கட்டு, சாட்டையால விளாசு. என்ன வேணும்னாலும் பண்ணிக் கேட்டுக்கோ. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல."

"அடடா, மனுஷன்னா இவரு மனுஷன்!" என்றது கூட்டம்.

"கை கால் ஊனமாயிட்டா நஷ்டஈடு?" என்று கேட்டார் மத்தியஸ்தர்.

"அதை என்கிட்டக் குடுத்துடணும்" என்றார் நியாயவான்.

புரூஸா திரும்பி எஜமானைப் பார்த்தாள். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லிப்பஸ் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் கதை முடிந்தது. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"வேணாம். உன் வீட்டு நாய் உனக்குத்தான் வாலாட்டும். நான் ஒத்துக்கமாட்டேன்."

"ஏன்யா, பயந்துட்டியா?" என்று யாரோ கத்த, கூட்டம் கொக்கரித்தது. விசாரிக்கக் கொடுத்த அடிமையை வேண்டாம் என்றவனிடம்தான் குற்றம் இருக்கும் என்று மத்தியஸ்தர் தீர்ப்பு சொன்னார். கல் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அன்று மாலை லைசானியஸ் வீட்டில் விருந்து. மது ஊற்ற வந்த புரூஸாவிடம் அவரே ஒரு தேன் பணியாரத்தை நீட்டினார்.

"என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன்மேல ஒரு கீறலாவது விழுந்துச்சா?"

"அவரு சரின்னு சொல்லியிருந்தா ஐயா?"

"சொன்னா என்ன? நீதான் பொய்யே சொல்லமாட்டியே."

"அது தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் குடுத்தேன்!" பெருமையாக விருந்தாளிகளைப் பார்த்தார். அவளைப் புகழ்ந்துவிட்டதாகவே நினைத்தார் அந்த மனிதர்.

புரூஸா பணியாரத்தை அவர் தட்டிலேயே வைத்தாள். "அடிக்காமலே நான் சொன்னதை நம்பினது இந்த ஊர்ல ஒரே ஒருத்தன்தாங்க. கல்ல நெம்புன திருடன்."

கூடமே அதிரச் சிரித்தார்கள். "பலே, த்ரேஸ்காரிக்கும் வாய் முளைச்சிடுச்சு!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். லைசானியஸும் சிரித்தார். நல்ல மனிதர், கோபப்படவே இல்லை.