வெட்டாத கேசட்

மகள் தன் மடிக்கணினியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, வீடியோ எடிட் பண்ண மூணு சாஃப்ட்வேர் பாத்து வெச்சிருக்கேன். மூணுமே ஒரு மாசம் ஓசி. என் ஸ்டூடியோவுக்கு எதை வாங்கறது, சொல்லுங்க." என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடிக்கணினியின் அடியிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனை என்னை எண்பதுகளின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கேசட் ஓட்டும் வீடியோ டெக் சூடேறினால் அப்படியேதான் மணக்கும். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஸ்டூடியோ. கல்யாணப் பத்திரிகை டிசைன், பெயர்ப் பலகை எல்லாம் என் கூட்டாளி அன்வர் வேலை. அவன் எழுதும் எழுத்து அச்சுப்போல இருக்கும், அவன் பேச்சு எதிர்வீடு வரைக்கும் கேட்கும். போட்டோவும் புதிதாக வந்த வீடியோவும் என் வேலை. எடுத்ததை எடுத்தபடியே கொடுக்காமல் எடிட் செய்து கொடுத்தால்தான் பிழைக்க முடியும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். எந்த மிஷினை வாங்குவது என்பதில்தான் தகராறு.

எனக்கு வெட்டி ஒட்டும் மிஷின் வேண்டும். நறுக்கென்று வெட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்ட வேண்டும். அன்வருக்கு எஃபெக்ட் மிஷின். திரையில் நட்சத்திரம் விரிய வேண்டும், இதயம் சுருங்க வேண்டும். சேர்த்து வைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். தப்பானதை வாங்கிவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். அவன் அண்ணனுடைய லாரி பட்டறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போவான், நான் மாமனாரிடம் வேலை கேட்டு நிற்பேன். இரண்டில் எது மோசம் என்று எங்களுக்குள் ஒரு துணைத் தகராறும் ஓடியது.

இருவரும் பெங்களூர் போனோம். கடைக்காரர் "எரடூ ஒள்ளேது" என்றார். இரண்டுமே நல்லதாம். எதை வாங்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனிதர். "உக்காந்து போட்டுப் பாருங்க" என்று விட்டுவிட்டார். கையில் பென்னாகரம் பக்கத்துக் கல்யாணக் கேசட் ஒன்று இருந்தது. அசலை வைத்துக்கொண்டு, அதையே வேறு கேசட்டுகளில் ஏற்றி நான் அரை நாள் என் வழியில் வெட்டினேன், அன்வர் அரை நாள் தன் வழியில் ஜோடித்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் எதைச் சொல்கிறார்களோ அந்த மிஷின் என்று பேச்சு.

அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை இருந்தது. பெண்ணின் தாய்மாமன் கோவிந்தன் வரவில்லை. அவருக்கும் அவர் அக்காவான பெண்ணின் அம்மா மாதம்மாவுக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பங்காளி ஒருவரை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். மாதம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகத்தான் இருந்தார். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று தெரியும்.

டிவியையும் டெக்கையும் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனோம். முதலில் என்னுடையது. நாற்பது நிமிடத்தில் கச்சிதமாக முடிந்தது. கைதட்டுவார்கள் என்று எழுந்து நின்றேன். "அவ்வளவுதானுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா. "நான் பந்தியில உக்காந்து ரசம் வாங்குனனே, அது எங்கீங்க?" என்றார் இன்னொருவர். அன்வர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடுத்து அவனுடையது ஓடியது. மாப்பிள்ளை முகம் இதயத்துக்குள் சுருங்கி மறைய, நட்சத்திரத்தைப் பிளந்துகொண்டு கரண்டியோடு சமையல்காரர் வந்தார். வீடே உருண்டு சிரித்தது. கேசட் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் ஆயாவுக்கு மட்டும் கோபம். "பையன் மூஞ்சிய எதுக்குடா சுருக்குன? நல்லாப் பாக்க வுடமாட்டியா?" இப்போது சிரிப்பது என் முறை.

"நீங்க புடிச்சது பூரா அப்படியே இருக்குதுங்களா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. வேறு வழியில்லாமல் அதைப் போட்டோம். மூன்று மணி நேரம். ஒருவரும் அசையவில்லை. பந்தியில் ஒவ்வொரு முகம் வரும்போதும் பேர் சொல்லிக் கூவினார்கள். பிறகு, நான் சாப்பிடப் போனபோது நிறுத்த மறந்து நாற்காலியில் வைத்த கேமரா தானாகவே எடுத்த பகுதி வந்தது. பந்தல் கால், ஒரு கோழி, தூரத்தில் ரோட்டோரப் புளியமரம். நாங்கள் இருவருமே முதல் வேலையாக வெட்டி எறிந்தது இதைத்தான். எனக்கு மானம் போனது. அணைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"இருங்க!" மாதம்மா எழுந்து டிவியின் பக்கத்தில் வந்துவிட்டார்.

புளியமரத்தடியில் வெள்ளை வேட்டி கட்டிய ஆள் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தலைப் பார்த்தார். இரண்டடி வந்தார், திரும்பிப் போய் மறுபடி மரத்தடியில் நின்றார். கெட்டிமேளம் முடிந்து பந்திகூட நடந்துகொண்டிருந்த நேரம் அது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"எந்தம்பிங்க," என்றார் மாதம்மா. "வந்திருக்கானுங்க. வந்து நின்னுட்டுப் போயிருக்கான்." அன்று சாயங்காலமே அவர் தம்பி வீட்டுக்கு நடந்தே போனாராம்.

திரும்பும் பஸ்ஸில் அன்வர் குரலைத் தாழ்த்திப் பேசினான். அவன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "ரெண்டு மிஷினும் வேணாம்டா. காப்பி எடுக்க இன்னொரு டெக் வாங்கு, போதும்" என்றான். வாங்கினோம். சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் முழுக் கேசட்டில் ஒரு காப்பி என்று எங்கள் வண்டி பல வருடம் ஓடியது. புது டெக்கில் முதல் காப்பியைக் கேட்டு வந்தவர் கோவிந்தன்தான். "வூட்டுல டிவி இல்லீங்க. இருந்தாலும் ஒண்ணு குடுங்க" என்றார்.

டெக்குகள் பழைய இரும்புக்குப் போயின, கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. அன்வர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறான், போனிலும் கத்தித்தான் பேசுகிறான். அக்காவும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது அந்தப் புளியமரத்தையும் எடுத்துவிட்டார்கள். எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் வெட்டாததையும் ஒரு காப்பி வைத்துக்கொள் என்று மகளிடம் சொல்லலாம்தான். ஆனால் கல்யாணமெல்லாம் இப்போது மண்டபத்தில்தான். போன வாரம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலைத் தாண்டினால் கார் நிறுத்தும் இடம், அதைத் தாண்டினால் மதில் சுவர். கோபித்துக்கொண்டவர் மனசு கேட்காமல் வந்தால், நின்று யோசிக்க அங்கே இடமில்லை.