செருப்பைக் குனிந்து பார்த்தவர்

கொட்டாஞ்சேனைக் கிளினிக்கில் நான் டொக்டராகச் சேர்ந்த புதிதில் அவர் வந்தார். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமி. வாசலை அடைக்கிற தோள். ஆனால் கதிரையில் உட்காரவே அரை நிமிடம் பிடித்தது.

நாரி நோ, இடுப்பு வலி என்று வருகிற எல்லாரிடமும் கேட்பதையே கேட்டேன்.

"கால் விறைக்குதோ ஐயா?"

"இல்லீங்க டொக்டர். நல்லா மடக்கி நீட்டலாம்."

யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அந்தப் பதிலில் இருந்தது பிடிபடவில்லை. தசைப்பிடிப்பு என்று குளிசை எழுதிக் கொடுத்தேன்.

வாசலில் செருப்பைப் போட்டவர் ஓரடி வைத்துக் குனிந்து பார்த்தார். இன்னோரடி வைத்தார், மறுபடியும் பார்த்தார்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"எடது கால் மரத்துப் போச்சுங்க. செருப்பு இருக்கா, கழண்டுருச்சான்னு பார்த்தாத்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் மரத்துப் போவதைத்தான் விறைப்பு என்போம். அவருக்கோ விறைப்பு என்றால் கால் மடங்காமல் நிற்பது. விளங்கப்படுத்தியதும் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கூட்டிவந்து, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தடவினேன்.

"தொடுங்க டொக்டர்," என்றார்.

நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றே ஸ்கானுக்கு அனுப்பினேன். விலகிய டிஸ்க் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஒபரேஷன் செய்தார்கள்.

சில மாதம் கழித்துக் காட்ட வந்தார்.

"இப்ப மரத்துப் போறேல்லையோ?" என்று அவருடைய சொல்லில் கேட்டேன்.

"வெறைக்கலீங்க," என்று என்னுடைய சொல்லில் பதில் சொன்னார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்தபடியே தெருவில் இறங்கினார். இந்த முறை அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான்.